சுண்டைக்காய் அளவு பெருங்காயம்

வலியுல்லா தன் மகள் தூபாவை ஒரே ஒரு முறைதான் கைநீட்டி அடித்திருக்கிறார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய கல்லூரிப் பையில் கிரீம் பிஸ்கட்டின் வெற்று உறை ஒன்று இருந்தது. அதற்காக அடித்தார். அந்த பிஸ்கட்டை அவள் தின்றிருக்கவில்லை.

மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் அவர் வீடு. கிண்டி தொழிற்பேட்டையில் பெருங்காயம் செய்யும் சின்ன ஷெட் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. ஆப்கானிஸ்தானிலிருந்து பெட்டியில் வரும் பால் காயம் என்னும் பெருங்காயப் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, வடிகட்டி, அதில் கோந்தையும் மைதாவையும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் கொட்டிக் காயவைத்துக் கட்டிகளாக வெட்டுவார்கள். கலப்பதற்கு இயந்திரம் உண்டு. ஆனால் மாவு போதுமா, இன்னும் அரைப்படி வேண்டுமா என்று சொல்வது வலியுல்லாவின் விரல்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை மைதா அவர் கை வழியாகப் போகும்.

அந்த வாசனை சோப்பு போட்டாலும் போகாது. பேருந்தில் அவர் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறப்பார். “பாய் ஏறிட்டாரு, இனி ரசம் மட்டும்தான் பாக்கி” என்று ஒரு நடத்துனர் வழக்கமாகச் சொல்வார். வலியுல்லா சிரித்துக்கொள்வார். தொழிலைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்வது ஒரு விஷயத்தில் மட்டும்தான்: கடையில் விற்கும் பெருங்காய டப்பா அவர் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. மாதத்துக்கு ஒரு முறை, முதலாளி கல்யாணராமனிடம் சொல்லிவிட்டு, தட்டின் ஓரத்திலிருந்து ஒரு கட்டியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருவார். மனைவி ஹாஜிரா பீ அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவைப்பாள்.

தூபாவுக்குப் பதினாறு வயதில் வயிற்றுத் தொந்தரவு ஆரம்பித்தது. சாப்பிட்டால் வயிறு உப்பும், பிறகு வலிக்கும், பிறகு போகும். முடி கொட்டியது. ரத்தம் குறைந்தது. பதினெட்டு வயதில் முப்பத்தாறு கிலோ இருந்தாள். இரண்டு வருடம் வாயு மாத்திரைகளில் கழிந்தபின் அடையாறில் ஒரு மருத்துவமனையில், டாக்டர் சுந்தரராமன் என்பவர், குழாய் விட்டுப் பார்த்துக் குடலிலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சோதித்தார். சீலியாக் நோய் என்றார்.

“கோதுமைதான் பாய் எதிரி.”

“நாங்க இன்னா பஞ்சாபியா சார்? சோறுதான் துன்றோம்.”

“பரோட்டா?”

“அது… வாரத்துக்கு ரெண்டு வாட்டி.”

“பிஸ்கட், பன்னு, ரவா உப்புமா, சேமியா?”

வலியுல்லா மனைவியைப் பார்த்தார். ஹாஜிரா பீ தரையைப் பார்த்தாள்.

கோதுமை ஏன் எதிரியாகிறது என்று அவர் கேட்டார். டாக்டருக்கு அன்று நேரம் இருந்திருக்க வேண்டும். ஒரு தாளில் வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் சின்னதாக ஒரு கிண்ணம் வரைந்தார்.

“உடம்புக்குள்ள சில செல்லுங்க ரோந்து போயிண்டே இருக்கும். வழியில கிடைக்கற புரதத்தை முழுங்கும். முழுங்கிட்டு, பொடிப்பொடியா வெட்டும். அதுல ஒரு துண்டை எடுத்து இந்தக் கிண்ணத்துல வெச்சு, தன் மேல்தோல்ல தூக்கிக் காட்டும். டி செல்னு காவல்காரா வந்து தொட்டுப் பார்ப்பா. நம்ம ஆளா, சரி போ. அந்நியனா, மணி அடி.”

“எல்லாத்தையும் காட்டுமா சார்?”

“கிண்ணத்துல எது ஒக்கார்றதோ அதைத்தான். கிண்ணத்தோட வடிவம் அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்றது. கோதுமைத் துண்டு நெறைய பேரோட கிண்ணத்துல நிக்காது, நழுவிடும். உங்க பொண்ணுக்கு இருக்கற கிண்ணத்துக்கு டிக்யூ டூன்னு பேர். அதுல கச்சிதமா ஒக்காந்துக்கறது. காவல்காரா அதைப் பார்த்துட்டு, கிருமி வந்துடுத்துன்னு குடலையே கொளுத்தறா. இந்தக் கிண்ணம் இருக்கற எல்லாருக்கும் இது வர்றதில்லை. இவளுக்கு ஏன் வந்ததுன்னு கேட்டா, எனக்குத் தெரியாது.”

“அவ அம்மா வழியா வந்திருக்கும்” என்றார் வலியுல்லா உடனே.

“ஏன், உங்க கிண்ணம் இன்னா தங்கமா?” என்றாள் ஹாஜிரா பீ.

தூபா சிரித்தாள். டாக்டரும் சிரித்தார்.

வலியுல்லாவுக்கு இது எளிதில் பிடிபட்டது. அவர் தொழிலில் பால் காயம் வாங்குகிறவர் பெட்டி முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. தரகர் கட்டியைப் பிளந்து, நடுவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். வாங்குகிறவர் அந்தக் கிள்ளை முகர்ந்து பார்த்தே பெட்டி நல்லதா கலப்படமா என்று தீர்ப்புச் சொல்வார். உடம்பும் அப்படித்தான் மாதிரி பார்க்கிறது போலிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் இதை மகளுக்கு இரண்டு முறை சொன்னார். “தரகன் கூட நல்ல எடத்துல கிள்ளி ஏமாத்துவான் தூபா. செல்லு ஏமாத்தாது. முழுங்கினதை வெச்சுக்கினு இல்லன்னு சொல்ல அதுக்குத் தெரியாது.”

எவ்வளவு தின்றால் ஆபத்து என்றும் கேட்டிருந்தார். ஒரு பிரட் துண்டில் ஐம்பதில் ஒரு பங்கு, தினமும் போனால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதன்பின் அந்த வீட்டில் நடந்ததைக் குறை சொல்ல முடியாது. ஹாஜிரா பீ சப்பாத்திக் கல்லைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். ரவை, சேமியா, மைதா டப்பாக்கள் காலியாயின. கடையில் வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் தூபா திருப்பி, பொடி எழுத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் அது பைக்குள் போகும். சோயா சாஸில் கோதுமை இருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். ரமலானில் அவளுக்காகச் சமோசா வீட்டுக்கு வரவில்லை. வலியுல்லா பரோட்டாவை விட்டார். மகளுக்கு இல்லாதது தனக்கு வேண்டாம் என்று சொன்னார், சொன்னபடி இருந்தார்.

ஆறு மாதம் கழித்து ரத்தம் சோதித்தார்கள். நோய் கண்டபோது இருநூறைத் தாண்டியிருந்த, கோதுமைக்கு எதிராகக் காவல்காரர்கள் அடிக்கும் மணியை அளக்கும் எண், நூற்றுத் தொண்ணூறில் நின்றது. ஒரு வருடத்தில் அது நூறுக்கு நன்றாகக் கீழே போயிருக்க வேண்டும். ஒரு வருடத்திலும் நூற்று எண்பத்தைந்துதான். எடை ஒரு கிலோ கூடியிருந்தது.

“வெளியில ஏதாவது சாப்பிடறியாம்மா?”

“இல்ல டாக்டர்.”

“தோழிகளோட? தெரியாம ஒரு கேக்கு?”

“சத்தியமா இல்ல டாக்டர்.”

டாக்டர் வலியுல்லாவைத் தனியாக அழைத்தார். ஒன்று, எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது. இல்லையென்றால் இது பத்தியத்துக்கு அடங்காத வகை. அது அரிது. அப்படியானால் வீரியமான மருந்துகள் தர வேண்டும், மறுபடி குழாய் விட வேண்டும், அந்த வகை சிலருக்குக் குடலில் புற்றாக மாறுவதுண்டு. மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

புற்று என்ற சொல்லை வலியுல்லா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு மகளைக் கவனிக்கத் தொடங்கினார். அவள் திருட்டுத்தனமாகத் தின்றிருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அவள் பொய்க்காரியாக இருந்தால் பிழைத்துக்கொள்வாள். இந்த ஆசை சந்தேகமாகவும், சந்தேகம் கோபமாகவும் ஆக ஒரு மாதம் பிடித்தது. மகளின் உயிருக்குப் பயந்த ஒருவர் அவள் நேர்மையைப் பலிகொடுக்கத் தயாரானார். அப்படிச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தி. நகரில் கல்லூரி விடும் நேரத்தில் எதிர்ப்புறம் நின்றார். தூபா தன் தோழி மஹ்விஷுடன் வெளியே வந்தாள். பேக்கரி வாசலில் மஹ்விஷ் பஃப்ஸ் வாங்கித் தின்றாள். தூபா தள்ளுவண்டியில் கொய்யா வாங்கினாள். வலியுல்லா இருபது நிமிடம் நின்று பார்த்தார். கொய்யாவைத்தான் பார்த்தார். ஆனால் வீட்டுக்கு வந்தபோது அவர் மனதில் நின்றது பஃப்ஸ்.

அடுத்த வாரம் பையில் அந்த உறை அகப்பட்டது.

“இது இன்னா?”

“மஹ்விஷ் துன்னுட்டு குடுத்தா. குப்பைத் தொட்டி இல்ல, பையில போட்டேன்.”

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“எத்தினி வாட்டி சொன்னாலும் அதான் அத்தா. அவதான் துன்னா.”

“செல்லு பொய் சொல்லாது. நீதான் சொல்ற” என்று அடித்தார்.

அடி பலமானதல்ல. ஆனால் தூபா ஒரு நிமிடம் கன்னத்தில் கைவைக்கக்கூட மறந்து நின்றாள். ஹாஜிரா பீ சமையலறையிலிருந்து ஓடிவந்தவள் கதவருகே நின்றுவிட்டாள்.

அதோடு அவர் நிற்கவில்லை. மறுநாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ராயப்பேட்டையில் மஹ்விஷின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று அவள் அம்மா ஜைதூன் பீயைக் கூப்பிட்டு, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார்: “உன் பொண்ணு என் பொண்ணு வயித்துல விஷம் வெக்குது! இனிமே அதுகூட இது சேரக் கூடாது!” ஜைதூன் பீ பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்துவிட்டார். திங்கட்கிழமை மஹ்விஷ் வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இத்தனை நாளும் தூபாவின் வலி நிற்கவில்லை. வயிறு உப்பினால் பெருங்காயம் கொடுப்பது எந்த வீட்டிலும் உள்ள வழக்கம். வலியுல்லாவின் வீட்டில் அதைவிட என்ன இருக்கிறது? எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, சுண்டைக்காய் அளவு கிள்ளி, வெந்நீரில் கரைத்து, உப்புப் போட்டுக் கொடுப்பார். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒன்று, மாலையில் வந்ததும் ஒன்று. இதை மனைவியிடம் விட்டதில்லை. தம்ளரை ஆற்றி, சூடு பார்த்து, தானே நீட்டுவார். தூபா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அவளை அடித்த அன்று மாலையும் கொடுத்தார். மனம் கேட்காமல் அன்று இரண்டு கிள்ளாகப் போட்டார்.

மூன்று மாதம் முடியும்போது அந்த மருத்துவமனைக்கு அஸ்வினி என்று புதிதாக ஒரு உணவு ஆலோசகர் வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். குழாய் விடுவதற்கு முன் தன்னிடம் ஒரு முறை அனுப்பும்படி டாக்டரிடம் கேட்டிருந்தார். ஒரு வாரத்தில் தூபாவின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். ஹாஜிரா பீ நான்கு பக்கம் எழுதியிருந்தாள். அஸ்வினி பென்சிலோடு வரிவரியாகப் போனார்.

“டூத் பேஸ்ட் என்ன? சரி. விட்டமின் மாத்திரை? அட்டையக் காட்டுங்க. சரி. மிளகாத்தூள்?”

“மெஷின்ல குடுத்து அரைக்கறோம் மேடம்.”

“அதே மெஷின்ல கோதுமை அரைப்பாங்களே?”

“இல்ல மேடம், வெறும் மொளகா, தனியா மட்டும் அரைக்கற மெஷின். விசாரிச்சுட்டோம்” என்றாள் தூபா. குரலில் உயிர் இல்லை. குற்றவாளிக்கூண்டில் நின்று பழகிய குரல்.

அஸ்வினி தாளைக் கீழே வைத்தார். “வலி வந்தா என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்றதில்ல. அத்தா காயம் கரைச்சுக் குடுப்பாங்க.”

“பெருங்காயமா? லிஸ்ட்ல இல்லையே.”

“அது சாப்பாடு இல்லியே மேடம்” என்றாள் ஹாஜிரா பீ.

“எந்தக் கம்பெனி? டப்பா பின்னாடி பார்த்தீங்களா?”

“டப்பாவே இல்ல மேடம். கடையில வாங்கறதில்ல” என்றார் வலியுல்லா. இத்தனை நேரத்தில் அவர் முகம் முதல் முறையாகத் தெளிந்தது. “என் தொழிலே அதான். நானே பிசையறது.”

“எதைப் போட்டுப் பிசைவீங்க?”

“மொதல்ல பால் காயம் மேடம். ஒரிஜினல், ஆப்கான்லேர்ந்து வர்றது. அத்த நைட்டே ஊற வெச்சு, வடிகட்டி, கோந்து போட்டு, அப்பறம்…”

அவர் நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது. மேசைக்கு மேலே அவருடைய கைகள், பிசைவதைக் காட்டுவதற்காக உயர்ந்தவை, அப்படியே நின்றன.

“அப்பறம் என்ன?” என்றார் அஸ்வினி. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

வலியுல்லா மகளைப் பார்த்தார். “மைதா” என்றார்.

அஸ்வினி மெதுவாக, யாரையும் பார்க்காமல், எவ்வளவு மாவு போடுவீர்கள் என்று கேட்டார். பாதிக்கு மேல் என்றார் அவர். ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? விரல் நுனியில் காட்டினார். எத்தனை வேளை? எத்தனை மாதமாக? அஸ்வினி தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். டாக்டர் சொன்ன பிரட் துண்டின் ஐம்பதில் ஒரு பங்கு அங்கே வந்து நின்றது. அதற்கு மேலும் கொஞ்சம்.

தூபா சிரித்தாள். கொஞ்சம் உரக்கவே சிரித்தாள். ஹாஜிரா பீ அவள் தோளைப் பிடித்ததும் சிரிப்பு நின்று வேறொன்றாக மாறியது.

“மூட்டை மூட்டையாத் தூக்கறீங்களே அத்தா” என்றாள். “தெனிக்கும் அத்தத்தானே தூக்கறீங்க.”

அது உண்மைதான். இருபத்தாறு வருடமாக அந்தக் கைகள் மைதாவைத் தூக்கின. ஆனால் தொட்டிக்குள் போகும்வரைதான் அது மைதா. பிசைந்து வெளியே எடுத்தால் அவருக்கு அது பெருங்காயம், மருந்து, தன் கைப்பக்குவம். நாம் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். தூபாவின் குடலில் இருந்த செல்களுக்குப் பெயர் தெரியாது. அவை விழுங்கின, வெட்டின, கிடைத்த துண்டைத் தூக்கிக் காட்டின. கோதுமை என்று மட்டும் காட்டின. யார் கை ஊட்டியது என்று காட்ட அந்தக் கிண்ணத்தில் இடம் இல்லை. திருடி என்று எந்தச் செல்லும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் வலியுல்லா.

குழாய் விடுவதைத் தள்ளிவைத்தார்கள். பெருங்காயத்தை நிறுத்திப் பார்ப்போம், எண் இறங்கினால் பயமில்லை என்றார் டாக்டர். நான்கு மாதம் கழித்து எண் பாதிக்குக் கீழே இறங்கியது. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஹாஜிரா பீ எவர்சில்வர் டப்பாவை, கழுவிக்கூட வைக்காமல், குப்பை வண்டியில் போட்டாள். வலியுல்லா வெகுநேரம் குழாயடியில் கை கழுவினார்.

மறுநாள் காலை ஷெட்டில் கல்யாணராமனிடம் சொன்னார். அவர் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

“போட்டிருக்கே பாய். கோதுமை மாவுன்னு. தமிழ்லயே போட்டிருக்கு.”

சேர்மானம் என்ற தலைப்பின் கீழ், எறும்பு அளவு எழுத்தில், அது இருந்தது. அந்தப் பெட்டிகளை மடிப்பதும் வலியுல்லாதான். தூபா கடையில் எந்தப் பெட்டியைத் திருப்பியிருந்தாலும் இரண்டாவது வரியில் கண்டுபிடித்திருப்பாள். அத்தா கையால் செய்தது என்பதால் அவளுக்கு மட்டும் பெட்டியில்லாமல் வந்தது.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு மகள் முன்னால் உட்கார்ந்தார். “தூபா, அத்தாவ மன்னிச்சுடும்மா” என்றார். சொல்ல எளிதாக இருந்ததே அவருக்கு உறுத்தியது.

தூபா அவரைப் பார்க்கவில்லை. “எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? நான் துன்னலன்னு எனக்கு மின்னாடியே தெரியும்.”

“அப்ப யாருகிட்டச் சொல்றது?”

“மஹ்விஷ் வூட்டுக்குப் போங்க.”

“போன் பண்ணட்டா?”

“போன்லயா போயி கத்துனீங்க?”

இருவரும் ராயப்பேட்டைக்குப் போனார்கள். ஆட்டோவில் தூபா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்த ஜைதூன் பீ அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வலியுல்லா தலையைக் குனிந்து, தாழ்ந்த குரலில், டாக்டரையும் அஸ்வினியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“இப்ப எப்டிக் கீது பொண்ணுக்கு?”

“நிறுத்தியாச்சு. இனிமேதான் தெரியும்.”

“அல்லா நல்லா வெப்பான்.” அவள் மாடியைப் பார்த்தாள். “அது கெடக்கட்டும் பாய். இத்த இன்னாத்துக்கு எங்கிட்ட குசுகுசுன்னு சொல்றீங்க? அன்னிக்கு மாடி வரிக்கும் கேட்டுச்சே.”

வலியுல்லா நிமிர்ந்தார். மாடியில் அதே பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி வாயில் கிளிப்பைக் கடித்தபடி கீழே பார்த்தாள். அவர் மகள் பக்கம் திரும்பினார். விடுங்க அத்தா, போதும் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். தூபா சொல்லவில்லை.

அவர் பின்னால் நகர்ந்து சந்தின் நடுவுக்கு வந்தார்.

“எல்லாம் கேட்டுக்கங்க” என்றார். “மஹ்விஷ் ஒண்ணும் குடுக்கல. என் பொண்ணும் திருடித் துன்னல. நான்தான். தெனிக்கும் ரெண்டு வேள, என் கையால நான்தான் குடுத்தேன்.”

“இன்னாத்தக் குடுத்தாராம்?” என்றாள் மாடியில் ஒருத்தி.

“தெர்லியே. சத்தமாச் சொல்லு பாய்!”

“மைதா!” என்று அவர் கத்தினார். “பெருங்காயத்துல கீற மைதா!”

“பெருங்காயத்துல மைதாவா? இன்னா பாய் சொல்ற?”

கிளிப் கடித்தவள் துணியை அப்படியே விட்டுவிட்டுத் தன் பெருங்காய டப்பாவைப் பார்க்க உள்ளே ஓடினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என்ன, என்ன என்று யாரோ கேட்டார்கள். வலியுல்லா மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை சொல்லும்போது மஹ்விஷ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து தூபாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.